8க்கு 7 சமையலறை: மேடையில் நாலடி மீட்டது

எங்கள் சமையலறை 8 அடிக்கு 7 அடி. நங்கநல்லூரில் முப்பது வருடத்துக்கு முன் கட்டிய அடுக்குமாடி வீடு. அந்தக் காலத்துச் சென்னைக் கட்டடங்களில் பார்க்கும் அதே அமைப்புதான். ஜன்னல் சுவரோரம் 8 அடிக்குக் கறுப்பு கிரானைட் மேடை. மூலையில் திரும்பி, பக்கச் சுவரில் இன்னும் 3 அடி. மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டுகள், தலைக்கு மேலே சிமெண்ட் பரண். எதிர்ச் சுவரில் வாசல், அதை ஒட்டி ஃபிரிட்ஜ்.

கணக்குப் பார்த்தால் மேடை மொத்தம் 11 அடி. சிங்க்குக்கு 2 அடி, அடுப்புக்கு இரண்டரை அடி போனால் மீதி ஆறரை அடி, அதாவது 78 அங்குலம். இவ்வளவு இருக்கிற வீட்டில் காய் நறுக்க இடமில்லை என்று தினமும் ஏன் புலம்புகிறோம் என்று டேப் எடுத்து அளந்தேன். மைக்ரோவேவ் 20 அங்குலம். மிக்ஸி 12. ரைஸ் குக்கர் 11. இண்டக்‌ஷன் அடுப்பு 12. தண்ணீர் கேன் ஸ்டாண்டோடு 12. மிச்சம் 11 அங்குலம். எங்கள் நறுக்கும் பலகையே 14 அங்குலம். அதனால்தான் பலகையை சிங்க்கின் மேல் குறுக்கே வைத்து நறுக்கிக்கொண்டிருந்தோம். அம்மா கீரை ஆய்வது ஹாலில், தரையில்.

மாடுலர் கிச்சன் போடுகிறவர்களிடம் விலை கேட்டதில் இரண்டரை லட்சத்தை ஒட்டி வந்தது. வரைபடம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் உற்றுப் பார்த்தால் அதிலும் மைக்ரோவேவ் மேடை மேல், ரைஸ் குக்கர் மேடை மேல், கேன் மேடை மேல். கதவுகள் மட்டும் புதிது. பொருளைக் குறைக்காமல் அலமாரி போட்டால் அடைசல் அலமாரிக்குள் போகும், அவ்வளவுதான். அதனால் ஆசாரியைக் கூப்பிடும் முன் சாமான்களை ஒழிப்பது என்று முடிவு செய்தோம். இந்த வேலையில் நான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த வரிசையைத்தான். எது தங்கும், எது போகும் என்று தெரிந்த பிறகே அலமாரிக்கு அளவெடுக்க வேண்டும். மேடை என்பது வேலை செய்கிற இடம். பொருள் வைக்கிற இடம் வேறெங்காவது இருக்கட்டும்.

டேப் ஒட்டியது

எல்லா மின்சாதனங்கள் மேலும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, பக்கத்திலேயே ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிட்டேன். யார் எதைப் பயன்படுத்தினாலும் டேப்பில் ஒரு கோடு போட வேண்டும். விருந்தாளி வந்த நாட்களும் ஒரு விசேஷ நாளும் உள்ளே வருகிற மாதிரி ஒரு மாதம் விட்டோம்.

மிக்ஸியின் டேப் முதல் வாரத்திலேயே நிரம்பி, இரண்டாவது டேப் ஒட்ட வேண்டியதாயிற்று. மைக்ரோவேவில் தினமும் கோடு. கிரைண்டரில் வாரத்துக்கு இரண்டு. ஏர் ஃப்ரையர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். ரைஸ் குக்கர், ஓ.டி.ஜி. என்கிற சின்ன மின்சார அவன், சப்பாத்தி மேக்கர் மூன்றிலும் டேப் ஒட்டிய அன்று இருந்த வெள்ளையாகவே இருந்தது.

ஆனால் கோட்டை மட்டும் பார்த்து ஒழிக்க முடியாது. முறுக்கு அச்சை எடுத்து ஓரம் வைத்ததும் அம்மா, "அதை ஏண்டி எடுக்கிற? தீபாவளிக்கு எதுல பிழியுவ?" என்றாள். நியாயம்தான். வருடத்துக்கு ஒரு முறை வந்தாலும் அந்த வேலையைச் செய்ய வேறு பொருள் வீட்டில் இல்லை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி. இதன் வேலையை வீட்டிலிருக்கிற இன்னொன்று செய்யுமா? இது போனால் வீட்டில் யாருக்காவது கஷ்டமா?

ரைஸ் குக்கரின் வேலையைப் பிரஷர் குக்கர் செய்கிறது. ஓ.டி.ஜி. செய்வதில் எங்களுக்குத் தேவையான அளவை ஏர் ஃப்ரையர் செய்துவிடும். சப்பாத்திக்குத் தோசைக்கல் இருக்கிறது. மூன்றும் வெளியே போயின. கெட்டில் மட்டும் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. வெந்நீரை இண்டக்‌ஷனிலேயே போடலாமே என்று தோன்றும். ஆனால் ராத்திரி எழுந்து வெந்நீர் வைப்பது அம்மா. தண்ணீர் கொதித்ததும் கெட்டில் தானாக நின்றுவிடும். மறந்துபோய்ப் படுத்தாலும் பயமில்லை. அதனால் கெட்டில் தங்கியது, ஆனால் சமையலறையில் இல்லை. அம்மாவின் அறையில், கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில், ஒரு தம்ளரோடு.

கிரைண்டர் இரண்டு இருந்தன. ஒன்று, கல்யாணச் சீராக வந்த பெரிய சாய்க்கும் கிரைண்டர். இன்னொன்று, 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் அம்மாவுக்கு ஊரில் கிடைத்த டேபிள் டாப். பெரியதை வைத்துக்கொண்டு சின்னதைக் கொடுப்பதுதான் வழக்கம். நாங்கள் மாற்றிச் செய்தோம். மூன்று பேருக்கு ஒரு தடவைக்கு 2 லிட்டருக்கு மேல் அரைக்கத் தேவையில்லை. டேபிள் டாப்பின் உயரம் 14 அங்குலத்துக்குள்தான், மேடைக்கு அடியில் போகும். பெரிய கிரைண்டர் தங்கை வீட்டுக்குப் போயிற்று. கூட்டுக் குடும்பம், அங்கே அதற்கு வேலை இருக்கிறது. விலையில்லா கிரைண்டர் பெல்ட் மாற்றியதோடு இன்றுவரை நன்றாக ஓடுகிறது.

ஓடுகிற சாமான்களைக் கொடுக்க ஆள் கிடைப்பது சுலபம். மோட்டார் கம்பிச் சுருள் கருகிய பழைய மிக்ஸி, சூடாகாத இஸ்திரிப் பெட்டி, அறுந்த வயர்க் கட்டு மாதிரியானவற்றுக்குத்தான் யோசிக்க வேண்டும். காயலான் கடையில் எடைக்குக் காசு தருவார்கள். ஆனால் எல்லா இடத்திலும் செம்பைப் பிரித்தெடுக்கும் முறை ஒன்றாக இருப்பதில்லை. சில இடங்களில் வயரை எரித்துத்தான் எடுக்கிறார்கள், அந்தப் புகை விஷம். 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். நாங்கள் அப்படி ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்தோம். கிடைத்த பணம் சொற்பம். பரவாயில்லை.

ஃபிரிட்ஜை வெளியே எடுத்தது

செலவே இல்லாமல் பெரிய பலன் தந்தது இதுதான். ஃபிரிட்ஜ் நின்ற ஆழம் இரண்டேகால் அடி. 7 அடி அகலத்தில் மேடைக்கு 2 அடி, ஃபிரிட்ஜுக்கு இரண்டேகால் போனால் நடமாட 2 அடி 9 அங்குலம் மீதி. அதன் கதவைத் திறந்தால் ஒருவர் வெளியே போய் நிற்க வேண்டும். சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில், சமையலறை வாசலிலிருந்து நாலு எட்டில், ஹாலில் ஒரு மூலை சும்மா கிடந்தது. அங்கே மாற்றினோம். தண்ணீர் கேனும் ஸ்டாண்டோடு அதன் பக்கத்துக்கே போனது. தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் சமையலறைக்குள் வர வேண்டிய அவசியமே இப்போது இல்லை.

சின்னச் சமையலறை என்றாலே கட்டடக்கலை படித்தவர்கள் பிராங்க்ஃபர்ட் சமையலறையைச் சொல்வார்கள். 1926இல் மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக்கலைஞர் ஜெர்மனியின் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக வடிவமைத்தது. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். சதுர அடியில் சொன்னால் ஏறக்குறைய 70. எங்களுடையது 56. ரயிலில் இருக்கும் சமையல் பெட்டியைப் பார்த்து, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை எட்டு நடக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கெடுத்துச் செய்தார். அரிசிக்கும் பருப்புக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்புப் பெட்டிகள், ஜன்னலடியில் உட்கார்ந்து நறுக்கச் சுழல் முக்காலி, எல்லாம் அதிலேயே உண்டு. அந்த முக்காலி யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆனால் அது ஒரே ஒரு பெண் தனியாக நின்று சமைக்கக் கட்டிய அறை. எங்கள் வீட்டில் காலை ஆறரை மணிக்கு அம்மா அடுப்பில், நான் சிங்க்கில், இவர் டிபன் டப்பாவோடு குறுக்கே. இரண்டு பேர் முதுகு இடிக்காமல் திரும்பும் அகலம்தான் எங்களுக்கு முதல் தேவை. எட்டு எண்ணுவதெல்லாம் அதற்கு அப்புறம். ஃபிரிட்ஜ் போனதில் அந்த அகலம் 5 அடியாயிற்று.

கடப்பா கல்லில் கை வைக்கும் முன்

மேடைக்கு அடியில் இருந்த கடப்பா தட்டுகள் 22 அங்குல ஆழம். முன்வரிசையில் இருப்பது மட்டும் கண்ணில் படும். பின்னால் வைத்தது பொங்கலுக்குப் பொங்கல்தான் வெளியே வரும். குனிந்து, கையைத் தோள்வரை விட்டு, துழாவி எடுக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி வந்த பிறகு கீழ்த்தட்டை அவள் பயன்படுத்துவதே இல்லை. தட்டுகளை எடுத்துவிட்டு இழுக்கிற கூடைகள் போடுவது என்று தீர்மானித்தோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. படுக்கையாக இருக்கும் தட்டுக்கல் வேறு, செங்குத்தாக நிற்கும் தாங்குகல் வேறு. கிரானைட் மேடையின் எடை முழுக்கத் தாங்குகல் மேல்தான் நிற்கிறது. இடம் பெரிதாகட்டும் என்று அதை எடுத்தால் மேடை விரிசல் விடும், சில சமயம் உடைந்தே விழும். வந்த கொத்தனார் வெட்டு மெஷினைத் தொடும் முன் சுத்தியல் காம்பால் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்து, எடுக்கக் கூடாதவற்றின் மேல் சாக்பீஸால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார். அதன் பிறகே வேலை ஆரம்பித்தது. தட்டை அப்படியே பிடுங்காமல் நடுவில் வெட்டி, இரண்டு பாதியாக வெளியே எடுத்தார். ஒருவர் மெஷின் பிடிக்க, இன்னொருவர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு வெட்டுகிற கோட்டின் மேல் விடாமல் தண்ணீர் ஊற்றினார். அப்படியும் கறுப்புச் சேறு சுவரெல்லாம் தெறித்தது. தண்ணீர் ஊற்றாமல் வெட்டினால் அந்தக் கல்தூசி வீடு முழுக்கப் பரவி நெஞ்சுக்குள் போகும். வெட்டுகிறவர் நுரையீரலுக்கு அது மிகவும் கெடுதல். ஆகவே தண்ணீர், முகமூடி இரண்டையும் நாமே கேட்டு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.

தட்டு இருந்த இடத்தில் சுவரில் காடி மாதிரி பள்ளம் தெரியும். கரப்பான் குடியிருப்பது அங்கேதான். ஒன்று விடாமல் சிமெண்ட் பூசி அடைத்து, மேலே டைல்ஸ் க்ரௌட் போட்டோம். வெட்டியெடுத்த கற்கள் பால்கனியில் துணி துவைக்கும் கல்லுக்கு மேடையாயின.

தாங்குகல்லுக்கும் தாங்குகல்லுக்கும் நடுவே 22 அங்குலம். ஆனால் 22 அங்குலக் கூடை அதில் போகாது. கடப்பாவில் நேராக ஸ்க்ரூ பிடிக்காது, அதனால் இரண்டு பக்கமும் 12 மி.மீ. ப்ளைவுட் பலகை ஆங்கர் வைத்து அடிக்க வேண்டும். அதில் ஓர் அங்குலம் போச்சு. கூடை உள்ளே வெளியே ஓடுகிற தண்டவாளமான டெலஸ்கோபிக் சேனல் பக்கத்துக்கு அரை அங்குலம், அதில் இன்னோர் அங்குலம். ஆக 20. கடையில் தயாராகக் கிடைக்கும் எவர்சில்வர் கம்பிக் கூடைகள் 15, 17, 19, 21 என்ற அகலங்களில் வருகின்றன. 19 வாங்கி, மீதியைப் பட்டை வைத்து ஈடுகட்டினார் ஆசாரி. வாங்கும்போது 304 தரம் என்று கேட்டு வாங்குங்கள். 202 விலை குறைவு. ஆனால் உப்புத் தண்ணீரில் கழுவிய பாத்திரத்தை ஈரத்தோடு வைக்கிற நம் வீடுகளில் அதில் சீக்கிரம் துரு பிடித்துவிடும்.

ப்ளைவுட்டுக்கும் அப்படித்தான். சமையலறைக்குத் தண்ணீர் தாங்கும் பி.டபிள்யூ.பி. தரம்தான் சரி, பலகையில் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கும். சைடன்ஹாம்ஸ் சாலைக் கடைகளில் முத்திரையைத் தொட்டுப் பார்த்து வாங்கினோம். எந்தப் பலகையும் தரையைத் தொடாமல் 4 அங்குலம் தூக்கியே நிறுத்தச் சொன்னேன். தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற பழக்கத்தை நாங்கள் விடப் போவதில்லை. சிங்க்குக்கு அடியில் மரமே வேண்டாம் என்று திறந்தபடி விட்டோம். குழாய் கசிந்தால் உடனே கண்ணில் படும்.

கிரைண்டர் வண்டி

எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்தது இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டேபிள் டாப் கிரைண்டர் என்று பேர்தான். பத்துப் பன்னிரண்டு கிலோ எடையை மேடை மேல் தூக்கி வைப்பதும் இறக்குவதும் யாரால் முடியும்? நிரந்தரமாக மேடையிலேயே வைத்தால் ஒன்றரை அடி போய்விடும். கதவுக்குப் பின்னால் தரையில் வைத்திருந்தோம். மாவு அள்ள அம்மா தரையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்க என் கை வேண்டும்.

ஆசாரி முதலில் சொன்னது, "மேடம், ஹெவி சேனல்ல ஒரு பலகை போட்டுடலாம், இழுத்தா வெளிய வந்துரும்." யோசித்துப் பார்த்தேன். சேனல் எடையைத் தாங்கும். ஆனால் பலகை முழுதாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது கல் சுற்றுகிற அதிர்வு முழுக்கச் சேனலின் ஸ்க்ரூ மேல் போகும். அந்த ஸ்க்ரூ பிடித்திருப்பதோ கடப்பாவில் ஆங்கர் அடித்த 12 மி.மீ. பலகையில். "அண்ணா, எடையைத் தரையே தாங்கட்டும். சக்கரம் வெச்சு ஒரு வண்டி பண்ணுங்க" என்றேன். சரி என்று உடனே ஒத்துக்கொண்டார்.

சிங்க்கை ஒட்டிய 22 அங்குல அறையைத் தட்டே இல்லாமல் காலியாக விட்டோம். மேடையின் அடிப்பக்கம்வரை உயரம் 30 அங்குலம். வண்டியின் உயரம் சக்கரத்தோடு 14. அதன் மேல் கிரைண்டர் 14. மொத்தம் 28, தலைக்கு மேல் 2 அங்குலம் இடைவெளி. 18 மி.மீ. ப்ளைவுட்டில் செய்த பெட்டி, மேலே கிரைண்டர் வழுக்காமல் இருக்கச் சுற்றிலும் அரை அங்குல விளிம்பு, அதற்குள் ஒரு ரப்பர் விரிப்பு. அடியில் நாலு ரப்பர் சக்கரம், முன்னால் இருக்கும் இரண்டில் பிரேக். பெட்டியின் உள்ளே மாவுத் தூக்குகளும் கிரைண்டரின் தேங்காய்த் துருவியும்.

இப்போது அம்மா ஒரு கையால் வண்டியை இழுத்து, காலால் பிரேக்கை அழுத்தி, முக்காலியில் உட்கார்ந்து அரைக்கிறாள். முக்காலியில் உட்கார்ந்தால் டிரம்மின் வாய் கைக்கு எட்டுகிற உயரத்தில் வருகிறது, உளுந்து பொங்கிவருகிற பதம் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. முடிந்ததும் வண்டியோடு சிங்க்குக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போய், கல்லையும் டிரம்மையும் தூக்கிக் கழுவுகிறோம். டிரம்மைத் தூக்க வேண்டிய தூரம் ஒரு முழம்கூட இல்லை. கிரைண்டர் எடுத்துக்கொள்வது 150 வாட்தான். அந்த அறையின் வாயருகே மேடைக்கு அடியில் தண்ணீர் தெறிக்காத மூடியோடு ஒரு 6 ஆம்பியர் ப்ளக் வைத்தாயிற்று.

மின்சாரம், காஸ்

பழைய வீட்டில் மேடைக்கு மேலே ஒரே ஒரு ஸ்விட்ச் போர்டு. அதில் ஒரு மல்டி ப்ளக், அதில் மூன்று சாதனம். 16 ஆம்பியர் இணைப்பு ஒன்று 230 வோல்ட்டில் தாங்குவது ஏறக்குறைய 3,700 வாட். 2,000 வாட் இண்டக்‌ஷனும் 1,500 வாட் ஏர் ஃப்ரையரும் சேர்ந்தாலே 3,500 ஆகிவிடும். அதோடு மைக்ரோவேவையும் போட்டால் ஒயர் சூடேறும். ஆகவே சுவரை உடைத்து, வீட்டுக்குள் மின்சாரம் பிரிகிற டி.பி. பெட்டியிலிருந்து 4 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் மூன்று 16 ஆம்பியர் ப்ளக்குகளுக்குத் தனித்தனி இணைப்பு, லோடு மிஞ்சினால் தானாக அணையும் எம்.சி.பி. ஸ்விட்ச் தனித்தனியாக. எல்லாவற்றுக்கும் சேர்த்து மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஈரக்கை படுகிற இடத்தில் உயிர் காப்பது அதுதான். அலமாரிக்குச் செலவைக் குறைத்தாலும் இதில் குறைக்காதீர்கள்.

சிலிண்டரை மறைக்க அழகான கதவு போடுவது இப்போது வழக்கமாக இருக்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அடைத்த பெட்டிக்குள் தேங்கினால் வாசனை வெளியே வருவதற்குள் காரியம் மிஞ்சிவிடும். அடுப்புக்கு அடியில் சிலிண்டர் நிமிர்ந்து, கதவில்லாமல், ரெகுலேட்டர் கைக்கு எட்டுகிற மாதிரி நிற்கிறது. ட்யூப் எந்தப் பலகைக்குள்ளும் நுழையாமல் முழு நீளமும் கண்ணுக்குத் தெரிகிறது. அதில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பார்த்து ஐந்து வருடத்துக்குள் மாற்றிவிட வேண்டும்.

சிலிண்டருக்குப் பக்கத்து வழியாகப் போனால் மேடை திரும்புகிற மூலைப் பொந்து. அதற்கென்று சுழன்று வெளியே வரும் தட்டுகள் விற்கிறார்கள், விலை பல ஆயிரம். நாங்கள் அரிசி ட்ரம்மைச் சக்கரப் பலகை மேல் ஏற்றி அந்தப் பொந்துக்குள் தள்ளிவிட்டோம். 26 கிலோ சிப்பம் அப்படியே கொள்ளும். வாரத்துக்கு ஒரு முறை இழுத்துச் சின்ன டப்பாவில் நிரப்பிக்கொள்கிறோம்.

4 அங்குல அலமாரி

ஃபிரிட்ஜ் நின்ற சுவரில் என்ன வைக்கலாம் என்று கேட்டபோது ஆசாரி ஓர் அடி ஆழத்தில் பெரிய அலமாரி போடலாம் என்றார். வேண்டாம், உள் ஆழம் 4 அங்குலம் போதும் என்றேன். எங்கள் மளிகை பாட்டில்களின் விட்டம் மூன்றரை அங்குலம். 4 அங்குலத் தட்டில் ஒரே வரிசைதான் நிற்கும், ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிய வழியில்லை. மூன்றரை அடி அகலம், ஆறடி உயரம், எட்டுத் தட்டு. துவரம் பருப்பு தீர்ந்துபோவது வாசலில் நின்றே தெரிகிறது. இரண்டு மாதமாக ஒரு பொருளைக்கூட இரட்டையாக வாங்கவில்லை. பூச்சி பிடித்துக் கொட்டியதும் இல்லை.

அதே சுவரின் ஓரத்தில் 2 அங்குல இடைவெளியில் செங்குத்துப் பலகைகள். தோசைக்கல், பணியாரக்கல், இண்டக்‌ஷன் அடுப்பு, நறுக்கும் பலகை எல்லாம் புத்தகம் மாதிரி நிற்கின்றன. ஒன்றை எடுக்க ஒன்றை நகர்த்த வேண்டாம். அரிவாள்மனையும் அங்கேதான், வாயை உள்பக்கம் திருப்பி.

மைக்ரோவேவ் சுவரில் ஏறியது. அது நாலரை அங்குலக் குறுக்குச் சுவர். சாதாரண ஸ்க்ரூவும் ப்ளாஸ்டிக் ப்ளக்கும் அதில் நம்ப முடியாது. எலக்ட்ரீசியனும் ஆசாரியும் சேர்ந்து போல்ட்டைச் சுவருக்குள் ஊடுருவவிட்டு மறுபக்கம் வாஷரோடு முடுக்கினார்கள். மறுபக்கம் ஹால், அந்த நாலு தலைகளையும் காலண்டர் மறைத்துவிட்டது. உயரத்தை அம்மாவின் நெஞ்சு மட்டத்துக்கு வைத்தோம். சூடான கிண்ணத்தைத் தலைக்கு மேலிருந்து இறக்கக் கூடாது.

மிக்ஸி மட்டும் மேடையில் இருக்கிறது, மூலையில். அதன் இடம் அதுதான். ஒரு நாளில் நாலைந்து தடவை வேண்டியதை உள்ளே வைத்து எடுப்பது வீண் வேலை. ஏர் ஃப்ரையர் கம்பிக் கூடைக்குக் கீழே உள்ள தட்டில். ஞாயிறு மட்டும் வெளியே வரும்.

இப்போது சிங்க்கிலிருந்து மிக்ஸி மூலைவரை தொடர்ச்சியாக 4 அடி மேடை சும்மா கிடக்கிறது. ஒரு பக்கம் நான் காய் நறுக்க, மறு பக்கம் அம்மா சப்பாத்தி இடுகிறாள். கீரை ஆய்வதும் ஜன்னலடியில் முக்காலி போட்டுத்தான். அந்த 4 அடியில் எதையும் வைக்காமல் காப்பாற்றுவது தினசரி வேலை. காய்கறிப் பை, தபால், மாத்திரைப் பட்டை எல்லாம் வந்து உட்காரப் பார்க்கும். ராத்திரி அடுப்பைத் துடைக்கும்போதே அவற்றையும் அகற்றிவிடுகிறோம்.

செலவு மொத்தம் 68,000 ரூபாய். ப்ளைவுட், லேமினேட், ஆசாரி கூலி 29,000. வயரிங் 17,000. கூடையும் சேனலும் 14,000. கொத்தனாருக்கு 5,000. சக்கரம், போல்ட், சில்லறைச் சாமான் 3,000.

பாக்கி இருப்பது பரண். தீபாவளிப் பாத்திரங்கள், முறுக்கு அச்சு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பித்தளை அண்டாக்கள் எல்லாம் இப்போதைக்குத் துணி மூடி அங்கே இருக்கின்றன. தள்ளு கதவு போட்டால் திறக்கும்போது தலையில் இடிக்காது, அதனால் அலுமினிய ஃப்ரேமில் தள்ளு கதவு என்று முடிவு. ஆடி முடிந்து ஆவணியில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார் ஆசாரி. அளவு எடுத்தாயிற்று. 8 அடிக்கு ஒன்றே முக்கால் அடி, மூன்று கதவு, இரட்டைத் தண்டவாளம்.